இரண்டு வீட்டுக்கும் ஒரே ராஜா

என் அக்காளின் கல்யாணத்துக்கு, அழைக்காமலே ஒரு ராஜா வந்து சேர்ந்தார்.

பால் வாங்கப் போன காலையில் அவரை முதலில் பார்த்தது நான்தான். எங்கள் தெரு முக்கில், மின்கம்பத்துக்கும் பெட்டிக்கடைக்கும் நடுவே, சவுக்குக் கம்புகளில் இழுத்துக் கட்டிய ஃப்ளெக்ஸ் போர்டில் நின்றார். கிரீடம், முறுக்கு மீசை, கையில் வாள், முதுகுக்குப் பின்னால் மீன் கொடி. அவருடைய முழங்காலுக்குக் கீழே இரண்டு வட்டங்களுக்குள் அக்காவும் அத்தானும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கும் கீழே எழுத்து: "கடலையும் வயலையும் கட்டி ஆண்ட கொற்கை வேந்தனின் இரு வாரிசுகள் இணையும் திருமணம்." கடைசியில், "இவண்: மாப்பிள்ளையின் உயிர் நண்பர்கள்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். படம் எடுத்தேன். பால்பையைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்று நாலைந்து பேருக்கு அனுப்பியும் விட்டேன்.

அப்போது நான் வரலாறு எம்.ஏ. முடித்திருந்தேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, உண்மையில் கல்வெட்டுகளுக்குப் பின்னால் அலைந்துகொண்டிருந்தேன். ஸ்கூட்டியில் டார்ச் ஒன்று எப்போதும் கிடக்கும். கல்லுக்குப் பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தால் தேய்ந்துபோன எழுத்துகூட நிழல் விழுந்து எழும்பி வரும். அந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டு பாதி ஜில்லாவைச் சுற்றியிருந்தேன். அப்படிப்பட்டவள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பாண்டியனே வந்து நின்றால் சிரிக்காமல் என்ன செய்ய?

இதில் ஆள்பெயர் ஒன்றும் இருக்காது. எழுதப் போகிறேன் என்றதும் அக்கா போனில் சொன்னாள்: "ஒரு பேரும் போடாத. அவிய ஊரைக்கூட அவிய ஊருன்னு மட்டும் போடு." அப்படியே செய்கிறேன்.

நாங்கள் கடற்கரைக் கத்தோலிக்கர். அப்பா துறைமுகத்தில் டக் ஓட்டுகிறார். பெரிய கப்பல்களை இழுத்துவந்து துறைமேடையில் அணைக்கிற சின்னக் கப்பல் அது. அக்காவுக்கும் அத்தானுக்கும், கப்பல் சரக்கைச் சுங்கத்திலிருந்து எடுத்துக்கொடுக்கிற ஒரே கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை. அத்தானுக்குத் தாமிரபரணிக் கரையில் வயல்காட்டு ஊர். விவசாயக் குடும்பம், இந்துக்கள். அத்தானின் சின்ன வயதிலேயே அவர் அப்பா தவறிவிட்டதால் அந்த வீட்டில் எல்லாம் தாய்மாமா சொல்படிதான். இரண்டு வீடுகளும் வருடக்கணக்காக முறைத்துக்கொண்டு நின்று, கடைசியில் ஒருவழியாகச் சம்மதித்திருந்தன. ரிஜிஸ்டர் ஆபீஸில் நோட்டீஸ் கொடுத்து, அதற்குரிய காலமும் கழிந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மண்டபம் பிடித்திருந்தோம். அவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த சம்மதம் கையில் இருக்கும்போதுதான் ராஜா வந்தார்.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன தப்பு என்று புரியாது. எங்கள் பக்கத்தில் ராஜா வைத்துக்கொள்வது சகஜம். எங்கள் ஆட்களுக்குக் கொற்கைப் பாண்டியன்தான் முன்னோர். முத்துக்குளித்தது யார், அந்த முத்தை வைத்து ராஜ்யம் நடத்தியது யார் என்று கேட்பார்கள். அத்தான் ஊர் ஆட்களுக்கும் அதே பாண்டியன்தான் முன்னோர். கொற்கை இப்போது எங்கே கிடக்கிறது, எங்கள் வயலுக்கும் வாழைக்கும் நடுவில்தானே என்று அவர்கள் கேட்பார்கள். இரண்டும் சரிதான். ஒருகாலத்தில் அந்த ஊருக்கு வாசலில் கடல் இருந்தது. ஆறு வண்டலைக் கொட்டிக் கொட்டிக் கடலைத் தள்ளிவிட்டது. துறைமுகம் வயலுக்குள் போய்விட்டது. ராஜா நடுவில் மாட்டிக்கொண்டார்.

இன்னும் சிலரும் இதே ராஜாவைச் சொல்லுவார்கள். ஃப்ளெக்ஸ் கடைகளில் அவருடைய முகம் ஒன்றுதான். சால்வையின் நிறத்தை மட்டும் ஆளுக்குத் தக்கபடி மாற்றுவார்கள். எழுதப்படாத ஒரு சட்டம் உண்டு: அவரவர் ராஜாவை அவரவர் தெருவுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த தெரு போர்டை யாரும் படிக்காத மாதிரி கடந்து போவார்கள். இந்தச் சட்டத்தால்தான் இத்தனை ராஜாக்களோடும் ஊர் நடமாடிக்கொண்டிருக்கிறது.

அத்தானின் நண்பர்கள் பாசத்தில் அதை உடைத்துவிட்டார்கள். இரண்டு பக்கத்தையும் கௌரவிக்கிறோம் என்று நினைத்து, ராஜாவின் சால்வையில் பாதிக்கு ஒரு நிறம், பாதிக்கு இன்னொரு நிறம் போட்டு, ஒரு போர்டை எங்கள் தெரு முக்கிலும் இன்னொன்றை அவர்கள் ஊர் நுழைவிலும் கட்டிவிட்டார்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே ராஜா என்றால் என்ன அர்த்தம்? உன் ராஜா உனக்கு மட்டும் இல்லை என்று அர்த்தம்.

எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. அத்தானுக்குப் போன் போட்டு ஒரு மூச்சு பேசினேன். "அத்தான், ஒங்க பிரண்ட்ஸ் பெரிய ஆளுங்க. அந்த ராஜாக்களுக்கே யாருக்கு யாரு மகன்னு தகராறு தெரியுமா? கல்லுல பட்டப்பேரும் ஆட்சி வருஷமும்தான் இருக்கும், பாதிக் கல்லுல அப்பா பேரே கெடையாது. அதே பேர்ல நாலு ராஜா. கடைசில அண்ணன் தம்பி ரெண்டு பேரு, யாரு பட்டத்து ராணிக்குப் பொறந்தவன்னு அடிச்சிக்கிட்டதுலதான் ராஜ்யமே போச்சு. கப்பல்ல வந்த வெளிநாட்டுக்காரன் ஒண்ணு எழுதிவச்சிருக்கான், கல்லு ஒண்ணு சொல்லுது. செப்பேட்டுல பாத்தா அவிய வம்சம் எங்க இருந்து தொடங்குது? நிலாவுல இருந்து! நிலாவை அத்தாட்சியா குடுத்த ஆளுங்க அத்தான் அவிய!"

அத்தானுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏளா, நீ அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பிட்டியா?" என்றார்.

"நாலஞ்சு பேருக்கு."

"சரி. அனுப்பாட்டியும் பரவியிருக்கும். பைய இரு. நிலாக் கதையெல்லாம் எங்க ஊர்ல யார்கிட்டயும் சொல்லிராத."

மறுநாள் காலையில் அவர்கள் ஊர் போர்டின் படம் எங்களுக்கு வந்தது. யார் அனுப்பியது என்று தெரியாத நம்பர். பிளேடால் வட்டமாக, அளவெடுத்த மாதிரி, அக்காவின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். அந்த ஓட்டை வழியாகப் பின்னால் இருந்த வாழைத்தோட்டம் பச்சையாகத் தெரிந்தது. பக்கத்தில் அத்தான் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தார். ராஜாவின் மேல் ஒரு கீறல் இல்லை.

வெட்டிய துண்டைக் கீழே போட்டிருப்பார்களா, வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பார்களா என்றுதான் எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. கேட்க ஆள் இல்லை.

எங்கள் தெரு போர்டை எங்கள் பையன்களே அவிழ்த்துவிட்டார்கள். அவிழ்த்த பக்கத்து வீட்டு அண்ணன் வாசலில் நின்று அப்பாவிடம் சொன்னார்: "மாமா, தப்பா நெனைக்காதீரும். அவனுவ நம்ம ராஜாவுக்குப் பாதிச் சால்வைய மாத்திப் போட்டிருக்கானுவ. இன்னைக்கு சால்வ, நாளைக்கு என்னன்னு கேப்பானுவ? நீரு எங்கயும் போயி நமக்கு ராஜா இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிராதீரும். சொன்னீருன்னா இந்தத் தெருவுல ஒரு ஆளு ஒம்ம வீட்டுப் படி ஏற மாட்டான். நானும்தான்."

"நான் எதுக்குலே அப்படிச் சொல்லப் போறேன்?" என்றார் அப்பா.

"சொல்லச் சொல்லுவானுவ மாமா" என்றார் அண்ணன்.

அடுத்த சில நாட்கள் வீட்டுக்கு வெளியே ஒன்றுமே நடக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கல்யாண வீட்டுக்கு வரவேண்டிய போன்கள் வரவில்லை. வந்த போன்களில் சில பேசாமல் வைக்கப்பட்டன. சாப்பாட்டுக்காரர் தனக்கு வேறு விசேஷம் இருப்பதாகச் சொன்னார். எங்கள் தெருவில் வேலையே இல்லாத பைக்குகள் முக்கு வரை வந்து, வேகம் குறைத்து, திரும்பிப் போயின. ஆபீஸ் வாசலில் ஒருவன் வாட்ச்மேனிடம் அக்கா எந்த நேரம் இறங்குவாள், எந்த வழியாகப் போவாள் என்று தன்மையாக விசாரித்திருக்கிறான். "சொந்தக்காரப் பையன் மாதிரிதாம்மா பேசுனான்" என்றார் வாட்ச்மேன்.

வியாழக்கிழமை மத்தியானம் தாய்மாமா வந்தார். கூட இரண்டு பேர். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, சிரித்த முகம். கையில் ஒரு வாழைத்தார் கொண்டுவந்திருந்தார். அம்மா டீ போட்டுக் கொடுத்தாள். "ஏலக்கா போட்டிருக்கியளோ? நல்லா இருக்கு" என்று ரசித்துக் குடித்தார். கூட வந்த இரண்டு பேரும் டீயைத் தொடவில்லை.

"அண்ணாச்சி, ஒண்ணும் பெரிய சோலி இல்ல" என்று தொடங்கினார். "தாய்மாமன் மேடை ஏறாம எங்கள்ல கல்யாணம் கெடையாது. எனக்கு ஏற ஆசைதான். ஊர்ல கேக்கான். போர்டுல போட்டது நெசமான்னு கேக்கான். நீங்க இந்தப் போனைப் பாத்து ஒரு வார்த்த சொல்லிருங்க. எங்களுக்கும் அந்த ராஜாவுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது, நாங்க அவுகளுக்கு முத்து எடுத்துக் குடுத்த ஆளுகதான்னு. அம்புட்டுதான். வேற யாரு கேட்டாலும் நான் பாத்துக்கிடுதேன்."

கூட வந்தவர்களில் ஒருவர் போனைத் தயாராகப் பிடித்தார்.

அப்பா என்னைப் பார்த்தார், படித்தவள் ஏதாவது சொல்லட்டும் என்பது மாதிரி. நானும் குதித்துவிட்டேன். "மாமா, அது யாருக்கும் தெரியாது மாமா. அந்த ராஜாக்களே எங்க இருந்து வந்தாகன்னு இன்னும் முடிவாகல. அவிய செப்பேட்டுல நிலாவுல இருந்து வந்தோம்னுதான் எழுதியிருக்காக."

தாய்மாமா சத்தமாகச் சிரித்தார். "அப்பம் சரி தாயி. நாங்க நிலாவுல இருந்து வந்தோம்னே வச்சிக்கிடு. ஒங்க ஆளுக எங்க இருந்து வந்தாக? பக்கத்து நட்சத்திரமோ?"

கூட வந்தவர்களும் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, அதே இனிமையான குரலில் அப்பாவிடம் சொன்னார்: "புள்ள எங்க வீட்டுக்கு வரணும்லா அண்ணாச்சி. வந்து இருக்கணும்லா."

நான் படித்ததை எல்லாம் சேர்த்து வைத்தாலும் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் அதில் இல்லை.

அப்பா எழுந்து நின்றார். புயலில்கூடக் கப்பலை அணைத்துக் கட்டியவர். அன்று சட்டைப் பித்தானைப் போடத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் எங்கள் தெரு போய்விடும். சொல்லாவிட்டால் அக்கா போகிற வீடு என்ன ஆகும் என்று தெரியாது. அவர் போனுக்கு முன்னால் போய் நின்று வாயைத் திறந்தபோது, உள்ளே இருந்து அக்கா வந்தாள்.

"அப்பா, உக்காருங்க" என்றாள். போன் வைத்திருந்தவரைப் பார்த்து, "என்னை எடுங்க. கட்டிக்கிடப் போறவ நான்தான" என்றாள்.

அவர் தாய்மாமாவைப் பார்த்தார். தாய்மாமா தலையசைத்தார்.

அக்கா போனைப் பார்த்துப் பேசினாள்: "எங்க அப்பா டக் ஓட்டுதாவ. அவுங்க அப்பா தோணியில மூட்டை ஏத்துனவரு. அவரோட அப்பா பேரு எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது. அதுக்கு மேல ராஜா இருந்தாரோ, கூஜா இருந்துதோ, எனக்குத் தெரியாது. தெரியாததை இருக்குன்னும் சொல்ல மாட்டேன், இல்லன்னும் சொல்ல மாட்டேன்."

போனை இறக்கினார்கள். தாய்மாமா டீ டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்தார். "பத்தாதே தாயி" என்றார், வருத்தப்படுகிறவர் மாதிரி. "நல்ல புள்ள. ஆனா பத்தாது. ஞாயித்துக்கெழமை வரைக்கும் யோசிங்க." போகும்போது அம்மாவிடம், "பழம் நாட்டு வாழை. நாளைக்குப் பழுத்துரும்" என்றார்.

அவர்கள் போனதும் அக்கா அத்தானைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். "மேடை வேண்டாம், மண்டபம் வேண்டாம். நோட்டீஸ் காலம் முடிஞ்சாச்சு. நாளைக்குக் காலைல ரிஜிஸ்டர் ஆபீஸ் திறக்கும்போது அங்கன நிக்கேன். ஒங்க மாமா மேடை ஏறணும்னா ஞாயித்துக்கெழமை வாங்க. நான் வேணும்னா நாளைக்கு வாங்க."

"நாளைக்கு வாரேன்" என்றார் அத்தான். யோசிக்கவே இல்லை. எனக்கு அவர்மேல் அதுவரை இருந்த மரியாதை அந்த நிமிஷம் இரண்டு மடங்கானது.

சாட்சிக்கு மூன்று பேர் வேண்டும். அப்பா, நான். மூன்றாவதாக ஒருவரை எங்கள் தெருவில் கேட்க முடியாது. அவர்கள் ஊரில் கேட்கவே முடியாது. அக்காவின் ஆபீஸில் சீனியராக இருந்த, ராத்தா என்று நாங்கள் கூப்பிடுகிற காயல்பட்டினத்து முஸ்லிம் அக்காவைக் கேட்டோம். அவர் கணவர் வளைகுடாவில். இவர் தினமும் ஸ்கூட்டரில் வேலைக்கு வந்து போகிறவர். விஷயத்தை முழுதாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வாரேன்மா. எனக்கு ராஜா பிரச்சினை இல்ல. எங்க ஊர்ல யாரோட வாப்பாவுக்கு வாப்பா எந்தக் கப்பல்ல வந்து எறங்குனாருங்கிற சண்டைதான். அது ஒரு கப்பலுக்குள்ளயே முடிஞ்சிரும்."

வெள்ளிக்கிழமை காலை. அம்மா வீட்டிலேயே இருந்தாள். வாசலைத் திறந்துபோட்டு, வழக்கம்போலத் துணி காயப்போட்டாள். தெருவுக்கு எதுவும் தெரியக்கூடாது. நாங்கள் தனித்தனியாகப் போய்ச் சேர்ந்தோம். அக்கா ஆபீஸுக்குப் போகிற சாதாரணப் புடவையில்தான் வந்தாள். கையெழுத்துப் போட்டோம். ரிஜிஸ்டர் ஆபீஸில் இருந்தவர் வாழ்த்துச் சொன்னார். ராத்தா கைப்பையில் இருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து, எல்லார் வாயிலும் பேரீச்சம்பழம் ஒன்று போட்டார். அக்கா அழவில்லை. அப்பாதான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

ஜன்னல் பக்கம் போன நான் அதைப் பார்த்தேன். ரோட்டுக்கு எதிர்ப்புறம் வேப்பமர நிழலில் ஒரு வெள்ளைக் கார். டிரைவர் கதவைத் திறந்துபோட்டு, ஒரு காலை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். பார்வை ஆபீஸ் வாசலில். நாங்கள் இங்கே வருவது எங்கள் ஐந்து பேரையும் அம்மாவையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

"அத்தான்" என்று கூப்பிடும்போதே அவர் போன் அடித்தது. தாய்மாமா. அத்தான் ஸ்பீக்கரில் போட்டார்.

"முடிஞ்சுட்டா மாப்ள? சந்தோசம். மனசுல ஒண்ணும் வச்சிக்கிடாத. நானும் ஒண்ணும் வச்சிக்கிடல. காரு அனுப்பியிருக்கேன். பொண்ணைக் கூட்டிக்கிட்டு நேரா வீட்டுக்கு வந்துரு. மொதச் சாப்பாடு நம்ம வீட்டுலதான். இந்தா, ஒங்க அம்ம பேசுதா."

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும்கூட, ச்சே, இவ்வளவுதானா என்று ஒரு கணம் தோன்றியது. அத்தானின் அம்மாவை நாங்கள் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறோம். அதிகம் பேசாதவர். அன்று போனில் சத்தமாகப் பேசினார், வயலில் தூரத்தில் நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரி.

"வாய்யா. ரெண்டு பேரும் வாங்க. ஒங்களுக்காவ கெடா வெட்டி, கறிக்கொழம்பு வச்சிருக்கேன். நானே எங்கையால ஆக்கியிருக்கேன்."

அத்தான் போனைக் கையில் ஏந்தியபடியே நின்றார். வாயில் பேரீச்சம்பழக் கொட்டை அப்படியே இருந்தது.

"கறியாம்மா?" என்றார்.

"ஆமாய்யா. கறிதான்."

போன் வைக்கப்பட்டது.

"இன்னைக்கு வெள்ளிக்கெழமை" என்றார் அத்தான், யாரிடமும் இல்லாமல். "எங்க அம்மா வெள்ளிக்கெழமை முட்டை ஓடுகூட அடுப்படில விட மாட்டா. அப்பா செத்த வருசத்துலகூட விட்டதில்ல."

அவர் சொல்லி முடிக்கும் முன்பே அக்காவின் முகம் மாறிவிட்டது. எங்கள் வீட்டிலும் வெள்ளிக்கிழமை கறி கிடையாது. ஆண்டவர் சிலுவையில் மரித்த நாள் என்று அம்மா மீனோடு நிறுத்திக்கொள்வாள். ஒரு தாய், தன் மகன் கல்யாணத்து அன்று, பக்கத்தில் ஆட்கள் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்போது, ஆக்காத கறியை ஆக்கியதாகக் கத்திச் சொல்லுகிறாள். வராதே என்று சொல்ல அவளுக்கு வேறு வழி இருந்திருக்காது.

"பொறத்தால ஒரு கேட் இருக்கு" என்றார் ராத்தா. ஸ்கூட்டர் சாவியை எடுத்து அத்தான் கையில் வைத்தார். "பெட்ரோல் நெறைய இருக்கு. எங்க வேணாலும் விட்டுட்டுப் போங்க. பெறகு எடுத்துக்கிடுதேன்." தான் மேலே போர்த்தியிருந்த துப்பட்டியைக் கழற்றி அக்காவின் தலையில் போட்டு, முகம் தெரியாமல் இழுத்துவிட்டார்.

அத்தான் தன் போனை என்னிடம் கொடுத்தார். "என்கிட்ட இருக்க வேண்டாம்" என்றார். அக்கா என் கன்னத்தை ஒருமுறை பிடித்தாள், வலிக்கும்படி. அவ்வளவுதான். கல்யாணத்துக்கு நாங்கள் சேர்ந்து எடுத்த படம் ஒன்றுகூட இல்லை.

அப்பா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்வாசல் வழியாக இறங்கி, ரோட்டைக் கடந்து, நேராக அந்தக் காருக்குப் போனார். முந்தைய நாள் போனுக்கு முன்னால் வாய் வராத மனிதர், காரின் கூரையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு டிரைவரிடம் பேசத் தொடங்கினார். "ஏலே தம்பி, டீ குடிச்சியாடே? உள்ள இன்னும் கையெழுத்து கெடக்கு. வா, நாம ஒரு டீயப் போடுவோம்." அவன் பார்வை வாசலுக்கும் அப்பாவுக்குமாக அலைந்தது. அப்பா வாசலை மறைத்து நின்றுகொண்டார்.

பின்பக்கம் ஸ்கூட்டர் கிளம்பிய சத்தம் கேட்டது. கொஞ்சத்தில் அது ரோட்டுச் சத்தத்தோடு கலந்துவிட்டது.

என் கையில் அத்தானின் போன் மறுபடி அடித்தது. அது அடித்து ஓயட்டும் என்று பார்த்தேன். ஓய்ந்து, உடனே திரும்ப அடித்தது. எடுத்தேன்.

"கெளம்பியாச்சா?" என்றார் தாய்மாமா.

"இன்னும் கையெழுத்து முடியல மாமா. அத்தான் உள்ள இருக்காவ."

கல்யாண வீடென்றால் போனில் பாத்திரம் உருளும், பிள்ளைகள் கத்தும், யாராவது யாரையாவது திட்டிக்கொண்டிருப்பார்கள். அவர் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. நிறையப் பேர் பேசாமல் நிற்கிற இடத்தில் மட்டும் கேட்குமே, அந்த அமைதி.

"அவசரமில்ல தாயி" என்றார். "பைய வரச் சொல்லு. நாங்க எல்லாரும் இங்கனதான் இருக்கோம்."